பட்டவர்களும் செய்தவர்களும்: தமிழ்க் குறும்படங்களில் தலித் கதைமாந்தர்



குன்றாண்டார்கோவிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது குன்றைக் குடைந்து எடுத்த சிவன் கோயிலைத்தான். பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. பிற்காலத்தில் எழுப்பிய நூற்றுக்கால் மண்டபத்தைக் குதிரைகள் இழுக்கும் தேர்போலச் செதுக்கியிருக்கிறார்கள். கோயில் கல்வெட்டு என்றால் ஆண்ட அரசன் பெயரைச் சொல்லும், கொடை கொடுத்தவர் பெயரைச் சொல்லும், ஆட்சியாண்டைச் சொல்லும். கல் உடைத்தவர்கள் பெயரைச் சொல்வது அரிது.

சினிமாவும் நம்மிடம் அப்படித்தான் நடந்துகொண்டது என்று சொல்லி இந்த உரையை முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மை. சினிமா நம்மைக் காட்டாமல் விடவில்லை. தொடக்கத்திலிருந்தே காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படிக் காட்டியது, அதில் எப்போது என்ன மாறியது என்பதே இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எங்கள் திரையிடல்களில் படம் முடிந்ததும் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். "இந்தப் படத்துல நம்மாளு என்ன பட்டாரு?" என்பது முதல் கேள்வி. பதில் மளமளவென்று வரும். "நம்மாளு என்ன செஞ்சாரு?" என்பது இரண்டாவது. பெரும்பாலும் கூட்டம் யோசிக்க ஆரம்பித்துவிடும். ஒரு ஆள் கதைமாந்தர் ஆவது இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கும்போதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். ஆசைப்படுவது, கணக்குப் போடுவது, முடிவெடுப்பது, தவறு செய்வது, அதன் விளைவைச் சுமப்பது இவையெல்லாம் சேர்ந்தவர் கதைமாந்தர். இவை எதுவும் இல்லாமல் அடி மட்டும் வாங்குகிறவர் சாட்சியப் பொருள்.

இன்று உங்களில் பலர் கைப்பேசியிலேயே படம் எடுக்கிறீர்கள். அதனால் இது சினிமாக்காரர்களுக்கு மட்டுமான விவாதம் இல்லை. நம்மைப் பற்றி எந்தக் கதை நம்பப்படுகிறது என்பதைப் பொறுத்து நாம் நீதிமன்றத்தில் புகார்தாரர் ஆகிறோம், அல்லது குற்றவாளி ஆகிறோம். அதையும் வரிசையாகப் பார்ப்போம்.

மயானமும் தீயும்

இந்தியாவில் எடுத்த முதல் முழுநீளப் படம் 1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'. தமிழ்நாட்டில் அந்தக் கதை தெருக்கூத்திலும் நாடக மேடையிலும் ஏற்கெனவே ஊறிப்போன கதை. 1944இல் வந்த தமிழ் 'ஹரிச்சந்திரா'வில் அரசனாக நடித்தவர் நம் புதுக்கோட்டைக்காரர் பி.யு. சின்னப்பா. அந்தக் கதையில் மக்கள் எங்கே அழுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அரசன் சுடுகாட்டுக்கு வந்து பிணம் எரிக்கும் இடத்தில் அழுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதே சுடுகாட்டில் அதே வேலையைச் செய்கிறவருக்காக அந்தக் கதையில் யாரும் அழுவதில்லை. அவருக்கு அது இயல்பு, அரசனுக்கு அது சோதனை. ஒரே வேலை ஒருவருக்குச் சோகமாகவும் இன்னொருவருக்குப் பின்னணியாகவும் ஆவதைக் கதைசொல்லல் என்ற கருவி செய்துகாட்டியது.

அடுத்தது நந்தனார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வந்தது. அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அன்று நாடெங்கும் பேச்சு. 1942இல் ஜெமினி எடுத்த 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். நந்தனாருக்கு ஒரு தெளிவான ஆசை இருக்கிறது, சிதம்பரம் போக வேண்டும். அந்த அளவில் அவர் கதைமாந்தர்தான். ஆனால் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனை வழியாகப் புகழ்பெற்ற கதையில் என்ன நடக்கிறது? நாற்பது வேலி நிலத்தின் வேலையைச் சிவனருளால் ஒரே இரவில் பூதகணங்கள் முடித்துவிடுகின்றன. அவர் உழைப்பு அவர் கையிலிருந்து போகிறது. கடைசியில் தீயில் இறங்கி, உடல் மாறி, அதன்பிறகே கோயிலுக்குள் போகிறார். அவர் உடலோடு, அவர் சேரியோடு, அவராகவே உள்ளே போகும் முடிவு அந்தக் கதையில் இல்லை.

1936இல் பம்பாயில் வந்த 'அச்சுத் கன்யா'வில் தீண்டப்படாத வீட்டுப் பெண் கஸ்தூரி ரயில் பாதையில் உயிரை விடுகிறாள். நல்லெண்ணத்தோடு எடுத்த படங்கள் இவை. நல்லெண்ணம் இருந்தும் நம்மவர் பிழைத்திருக்கும் முடிவு அவர்களுக்குத் தோன்றவில்லை.

திரையை நோக்கி வந்த கல்

மலையாளத்தின் முதல் படம் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்'. அதில் நாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி. அவர் தலித் பெண். படத்தில் அவர் ஏற்றது நாயர் வீட்டுப் பெண் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிட்டபோது ஆதிக்கச் சாதியினர் திரையை நோக்கிக் கல்லெறிந்தார்கள். அவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ரோசி ஊரைவிட்டுத் தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்து, நாகர்கோவில் பக்கம் யாரும் அறியாமல் வாழ்ந்து மறைந்தார். படச்சுருளும் மிஞ்சவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, கல்லெறிந்தவர்களின் கோபம் எதன்மேல் என்பது. ஒரு தலித் பெண் அடிவாங்கும் வேலைக்காரியாக நடித்திருந்தால் கல் வந்திருக்குமா? அவர் இன்னொருத்தியாக மாறி நடித்தார். நடிப்பது ஒரு செயல், தன் விருப்பத்தில் எடுத்த முடிவு. கல் அதன்மேல் விழுந்தது. இன்று ரோசி பெயரால் தலித் திரைப்பட விழா நடத்துகிறது பா. ரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையம். அந்தப் பெயரை எடுத்ததற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

நீதிமன்றம் எழுதிய பாத்திரப் படைப்பு

கதைமாந்தர் பற்றிய கேள்வி நீதிமன்றத்தையும் தொடும் என்று சொன்னோம். 1968 டிசம்பர் 25 அன்று அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. வசதி படைத்த மிராசுதார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தக் காரணம். அதாவது, அப்படிப்பட்ட பாத்திரம் இப்படிப்பட்ட செயலைச் செய்யாது என்றார்கள். சான்றை எடைபோட வேண்டிய இடத்தில் பாத்திரப் பொருத்தம் பார்க்கப்பட்டது. கார் வைத்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்ற கதை நீதிபதிகளின் மனத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

அந்தத் தீர்ப்புக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். எரிந்த குடிசை யாருடையதோ அவர் பெயரைப் படத்தின் தலைப்பில் வைத்தார். '44 பேர்' என்ற எண்ணாகவே நினைவில் நின்ற நிகழ்ச்சிக்கு ஒரு வீடும் வீட்டுக்காரர் பெயரும் திரும்பக் கிடைத்தன. வெண்மணி மக்கள் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்றவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் எரிக்கப்பட்டது, அதற்கு முன்னால் அவர்கள் ஒன்று செய்ததனால்தான். செய்ததை விட்டுவிட்டு எரிந்ததை மட்டும் சொன்னால் கொன்றவர்களின் காரணமே கதையிலிருந்து காணாமல் போய்விடும்.

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றில் 17 பேர் உயிர் போனது. பெரும்பாலோர் நீரில் மூழ்கியே இறந்தார்கள் என்றது விசாரணை ஆணையம். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' அந்த நாளின் காட்சிகளைத் தொகுத்து, ஆற்றுக்குள் அவர்களைத் துரத்தியது யார் என்ற கேள்வியை முன்வைத்தது. தமிழில் நம் மக்களைப் பற்றிய ஆவணப்படம் இப்படிச் சான்றாகவே வளர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது தேவை. அரசு இல்லை என்று சொன்னதை இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. ஆனால் சான்றில் நாம் எப்போதும் உடலாகவே வருவோம். பேசும் ஆளாக வருவதற்கு இன்னொரு வகைப் படம் வர வேண்டியிருந்தது.

மாரியம்மாள் பேசுகிறார்

அந்த வகையில் எங்களுக்கு முக்கியமான படம் 2003இல் மதுரையில் ஆர்.பி. அமுதன் எடுத்த 'பீ'. அரை மணி நேரத்துக்கும் குறைவான படம். மாரியம்மாள் என்ற துப்புரவுத் தொழிலாளி ஒரு தெருவில் கிடக்கும் மலத்தை அள்ளிச் சுத்தம் செய்கிறார். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 1993இல். பத்து ஆண்டுகள் கழித்து அந்தத் தெரு அப்படியே இருந்தது.

பார்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சிகள் அதில் உண்டு. ஆனால் படம் நம்மைத் தூக்கி நிறுத்துவது அவர் பேச்சால். வேலை செய்துகொண்டே பேசுகிறார். திட்டுகிறார். தன் வாழ்க்கையைச் சொல்கிறார். தெருவில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அவருக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. கேமரா அவசரப்படாமல் அவர் வேலையின் வேகத்திலேயே நகர்கிறது. இரக்கப்படும் இசை வந்து அவர் பேச்சை மூடுவதில்லை. கடைசியில் நமக்கு நினைவில் நிற்பது மலமா, மாரியம்மாளா என்று கேட்டால், மாரியம்மாள்தான். 'என்ன பட்டார்' என்பதிலிருந்து 'யார் இவர்' என்பதற்குத் தமிழ்க் குறும்படம் வந்து சேர்ந்த இடங்களில் இது ஒன்று. அமுதன் பிறகு 'மயானக் குறிப்புகள்' என்ற படத்தில் சுடுகாட்டுத் தொழிலாளியைப் படம்பிடித்தார். ஹரிச்சந்திரன் கதையில் பின்னணியாக நின்றவர் அதில் முன்னால் வருகிறார்.

2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' வேறு வேலையைச் செய்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் தொழிலாளர்களைச் சந்தித்து, மலக்குழி மரணங்களையும் அன்றாட இழிவையும் தொகுத்தது. பல இடங்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது, இயக்குநர்மேல் வழக்குகள் வந்தன, படம் யூடியூபில் லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது. 'பீ' ஒரு ஆளின் படம், 'கக்கூஸ்' ஒரு அமைப்பின் படம். இயக்கத்துக்கு இரண்டும் வேண்டும். கதைமாந்தரை உருவாக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர் முதலில் 'பீ'யைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை.

பத்து நிமிடப் படமும் கடைசித் திருப்பமும்

2010ஐ ஒட்டிக் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் அந்த வழியாகச் சினிமாவுக்குள் போனார்கள். குறைந்த செலவில் படம் எடுக்கலாம் என்ற நம்பிக்கையை அது ஒரு தலைமுறைக்குக் கொடுத்தது, அதை மதிக்கிறோம். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வார்ப்பும் உருவானது. அறையில் இரண்டு நண்பர்கள், ஒரு காதல், ஒரு பொய், கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம். அதில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெருவும் இல்லை, சாதியும் இல்லை.

பிறகு நம் பிள்ளைகள் எடுத்த படங்களிலும் அதே வார்ப்பு புகுந்துவிட்டது. பத்து நிமிடம் காதல், கடைசி நிமிடத்தில் பையன் தலித் என்று தெரியவருகிறது, அடுத்த ஷாட்டில் பிணம். சாதி இங்கே திருப்பமாக ஆகிவிடுகிறது. நமக்குச் சாதி திருப்பம் இல்லை. காலையில் எழுந்து குழாயடிக்குப் போகும்போதே தெரிந்த விஷயம் அது. அதைக் கடைசி வரை மறைத்து வைப்பது, அதை அறியாமல் வாழ வசதி உள்ள பார்வையாளருக்காகச் சொல்லும் முறை.

ஓடிடி தளங்களில் வந்த மூன்று சிறு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதலாவது, 2020இல் 'பாவக் கதைகள்' தொகுப்பில் வெற்றிமாறன் எடுத்த 'ஓர் இரவு'. சாதி மாறித் திருமணம் செய்துகொண்டு பெங்களூரில் வாழும் மகள் கர்ப்பமாகிறாள். தகப்பன் வளைகாப்புக்கு என்று அன்பாக ஊருக்கு அழைத்துவந்து நஞ்சு கொடுக்கிறான். பிரகாஷ்ராஜும் சாய் பல்லவியும் நடித்த அந்த இரவு பார்த்தவரைத் தூங்கவிடாது. சாதி அன்பின் முகத்தோடு வரும் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவு. ஆனால் நம் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தலித் கணவன் ஹரி அந்த இரவில் இல்லை. அவன் நல்லவன், அவ்வளவுதான் தெரியும். கொலைகாரத் தகப்பனின் தயக்கமும் பெருமையும் மானமும் நமக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிகின்றன. மனிதச் சிக்கல் முழுவதும் கொல்கிறவன் பக்கம் இருக்கிறது.

இரண்டாவது, 2022இல் 'விக்டிம்' தொகுப்பில் பா. ரஞ்சித் எடுத்த 'தம்மம்'. தொடக்கத்திலேயே வயலில் உள்ள புத்தர் சிலைமேல் ஒரு சிறுமி ஏறி நிற்கிறாள். சாமிமேல் ஏறலாமா என்று தகப்பன் அதட்ட, சாமி இல்லை என்று சொன்னவரே புத்தர்தானே என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். கதை பின்னால் சேற்றில் நடக்கும் மோதலாகப் போகிறது. ஆனால் மோதலுக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளைக்கு ஒரு சிந்தனை இருக்கிறது, தகப்பனுக்கு ஒரு நிலம் இருக்கிறது. வன்முறை வந்து அவர்களைக் கதைக்குள் கொண்டுவரவில்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது இந்திப் படம். 2021இல் 'அஜீப் தாஸ்தான்ஸ்' தொகுப்பில் நீரஜ் கய்வான் எடுத்த 'கீலி புச்சி'. தொழிற்சாலையில் இயந்திரம் இயக்கும் பாரதி மண்டல் என்ற தலித் பெண், அலுவலக வேலைக்குத் தகுதி இருந்தும் மறுக்கப்படுகிறாள். அந்த வேலை பிராமணப் பெண் பிரியாவுக்குப் போகிறது. இருவருக்கும் நெருக்கம் உண்டாகிறது. சாதி தெரிந்ததும் பிரியாவின் வீட்டில் பாரதிக்கு மட்டும் தனி எவர்சில்வர் தம்ளரில் தேநீர் வருகிறது. இதோடு படம் முடிந்திருந்தால் நாம் ஒரு பெருமூச்சு விட்டிருப்போம். ஆனால் பாரதி கணக்குப் போடுகிறாள். பிரியாவைத் தாய்மை நோக்கித் தள்ளி, அந்த வேலையைத் தான் பிடிக்கிறாள். அவள் செய்தது முழுக்கச் சரியா என்று நம் தோழர்கள் நடுவிலேயே சண்டை வரும். வரட்டும். நம்மவரைப் பற்றி அப்படிச் சண்டை போட முடிகிறதென்றால் அங்கே ஒரு கதைமாந்தர் இருக்கிறார் என்று பொருள். குற்றமே செய்யாத தலித் மட்டும்தான் இரக்கத்துக்கு உரியவர் என்ற நிபந்தனையை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

மராத்தியில் 'பிஸ்துல்யா' என்ற குறும்படத்தில் தொடங்கிய நாக்ராஜ் மஞ்சுளே 2013இல் 'ஃபன்றி' எடுத்தார். அதன் கடைசிக் காட்சியில் பன்றி பிடிக்க வைத்து அவமானப்படுத்தப்பட்ட பையன் ஜப்யா ஒரு கல்லை எடுத்து எறிகிறான். அது நேராகப் பார்வையாளரை நோக்கி வருகிறது. ரோசி நடித்த படத்தில் கல் திரையை நோக்கிப் போனது. இங்கே திரையிலிருந்து வந்தது.

வேங்கைவயல்: துண்டுக் காட்சியும் முழுக் கதையும்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2022 டிசம்பர் கடைசியில் வேங்கைவயல் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது தெரியவந்தது. எப்படித் தெரியவந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவத் தரப்பில். குடியிருப்பு ஆட்களே தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அடுத்து மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தபோது தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும், அய்யனார் கோயிலில் நுழைவு மறுப்பும் வெளியே வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அந்த மக்களும் தலித் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

அந்த நாட்களில் கைப்பேசிக் காட்சித் துண்டுகளும் குரல் பதிவுகளும் பொதுவெளியில் சுற்றியதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தொட்டியைப் பார்க்க ஏறியபோது எடுத்தவை அவை என்பது அம்மக்களின் வாதம். நீதிமன்றத்தில் நடக்க வேண்டிய விவாதத்தை இங்கே நாங்கள் நடத்தவில்லை. ஆனால் கதைசொல்லல் பற்றிப் பேசும் இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில நொடித் துண்டுக் காட்சிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதில் இருப்பவர் ஏன் ஏறினார், யாரிடம் சொல்லிவிட்டு ஏறினார், இறங்கி வந்து என்ன சொன்னார் என்பது எதுவும் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் பாத்திரம் நிரப்பிவிடுகிறது. 1973இல் கார் வைத்திருந்தவர் தீ வைத்திருக்க மாட்டார் என்று நிரப்பிய அதே மனம், இன்று சேரிக்காரர் தன் தண்ணீரிலேயே மலம் கலந்திருப்பார் என்று சுலபமாக நிரப்பிக்கொள்கிறது.

முன்னும் பின்னும் உள்ள கதையைச் சொல்வது அதனால் நமக்கு அழகியல் பொழுதுபோக்கு இல்லை. வேங்கைவயல் பற்றிப் படம் எடுக்க நினைக்கிற மாணவர் தொட்டியை மட்டும் காட்ட வேண்டாம். நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரைக் காட்டுங்கள். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டவரைக் காட்டுங்கள். இரட்டைக் குவளையை அதிகாரியிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்து, நாளைக்கும் இதே ஊரில் வாழ வேண்டுமே என்று தெரிந்தும் சொன்னவரைக் காட்டுங்கள். அந்த ஒரு நொடியில் ஒரு முழுப் படம் இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் நம்மவர் செய்ததற்குப் பஞ்சம் இல்லை. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். அதே காலத்தில், ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கல்குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். அவர்களில் பலர் தலித் பெண்கள். கணக்கு எழுதக் கற்றதும், ஒப்பந்தக்காரர்களை எதிர்த்து நின்றதும், லாரி வாடகை பேசியதும் அவர்களே. அந்தத் தலைமுறைப் பெண்கள் இன்று பாட்டிகள். நம் ஊர்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் திண்ணையில் போய் உட்கார்ந்து, கைப்பேசியைக் கொஞ்சம் நேராகப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க ஆத்தா?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தொடக்கம்.

மறைந்த தோழர்களின் நினைவாக ஆண்டுதோறும் கூடும் நாம், அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை நன்றாகச் சொல்லப் பழகியிருக்கிறோம். அவர்கள் எப்படிச் சங்கம் கட்டினார்கள், யாரோடு சண்டை போட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதையும் அதே அக்கறையோடு சொல்லப் பழகுவோம். அடுத்த ஆண்டு இதே இடத்தில் கூடும்போது இங்கிருக்கும் மாணவர்கள் எடுத்த படங்களைத் திரையிட விரும்புகிறோம். அப்போதும் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்போம். இரண்டாவது கேள்விக்குப் பதிலோடு வாருங்கள்.

ஜெய்பீம்.